வெளியே மேக்கரல், உள்ளே வேறு மீன்: வழக்கு ஏன் கடைக்காரர் மேல்?

கேள்வி: ஐயா, மதுரை ஆனையூரில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருகிறவர்கள் டின் மீன் கேட்பதால், டவுனில் ஒரு மொத்த வியாபாரியிடம் இரண்டு பெட்டி, 48 டின் வாங்கினேன். வெளிநாட்டுச் சரக்கு, உப்புநீரில் அடைத்த 425 கிராம் டின். பாதி விற்கும் முன்பே உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து 4 டின் மாதிரி எடுத்துப் போனார். இப்போது 'தப்புக்குறியீடு' என்று அறிக்கை வந்திருக்கிறது. முன்பக்கம் மேக்கரல் என்று இருக்கிறது, உட்பொருள் பட்டியலில் ஜாக் மேக்கரல் என்று இருக்கிறது, வடித்த எடை (உப்புநீர் போக மீன் மட்டும்) போடவில்லை, இறக்குமதியாளர் ஸ்டிக்கர் காலாவதித் தேதியை மறைக்கிறது என்று மூன்று குறை. சீல் வைத்த டின்னை வாங்கி அப்படியே விற்ற என் மேல் ஏன் வழக்கு? வியாபாரி தந்தது பெயர் இல்லாத துண்டுச்சீட்டு. 'அபராதத்தைக் கட்டிட்டு வேலையைப் பாரு' என்கிறார் என் கணவர். மீதி 31 டின் கடையில் கிடக்கிறது. ஒரு பாட்டி மட்டும் முன்பே 'இது கும்பளா இல்லை பிள்ளை' என்று சொல்லி வாங்காமல் போனார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராத்திரி தூக்கமே வரவில்லை. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பயத்தைக் குறைத்துவிடுகிறேன். பகுப்பாய்வு அறிக்கையில் மூன்று விதமான வார்த்தைகள் வரும்: பாதுகாப்பற்றது, தரமற்றது, தப்புக்குறியீடு உடையது, அதாவது லேபிள் எழுத்தில் தப்பு உள்ளது. முதலாவது வந்தால்தான் நீதிமன்றம், சிறை என்கிற பேச்சு. உங்களுக்கு வந்திருப்பது மூன்றாவது. இதை மாவட்ட வருவாய் அலுவலர்தான் விசாரிப்பார். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52ஆவது பிரிவில் இதற்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அது உச்சவரம்பு, எல்லாருக்கும் விதிக்கும் தொகை இல்லை. எவ்வளவு லாபம் பார்த்தார், வாங்கியவருக்கு எவ்வளவு நஷ்டம், முன்பும் இப்படி நடந்ததா, தெரிந்து செய்தாரா தெரியாமலா என்று பார்த்துத்தான் தொகையை முடிவு செய்ய வேண்டும் என்று 49ஆவது பிரிவு சொல்கிறது. கடைசியாகச் சொன்ன அந்தத் 'தெரிந்தா தெரியாமலா' என்பதற்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அதுதான்.

இப்போது உங்கள் ஆதங்கம். சீல் வைத்த டின், நான் என்ன செய்ய முடியும் என்கிறீர்கள். இதே கேள்வியைப் பணிக்காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன், பழைய கலப்படத் தடைச் சட்டம் இருந்த நாளிலிருந்து. கரிமேட்டில் மீன் வாங்கப் போனால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம், விரலால் அமுக்கிப் பார்க்கிறோம், கண் குழி விழுந்திருந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறோம். டின் மீனில் செவுளும் இல்லை, கண்ணும் இல்லை. தலையை வெட்டி, குடலை எடுத்து, துண்டு போட்டு, தகரத்துக்குள் வைத்து வேகவைத்து மூடிவிட்டார்கள். வாங்குகிறவருக்குப் பார்க்கக் கிடைப்பது மேலே ஒட்டியிருக்கும் எழுத்து மட்டும்தான். அதனால்தான் அந்த எழுத்துக்குச் சட்டம் இவ்வளவு கறாராக நிற்கிறது. தயாரித்தவர், இறக்குமதி செய்தவர், மொத்தமாக விற்றவர், கடையில் விற்றவர் என்று எல்லாரையும் அதற்குப் பொறுப்பாக்குகிறது. எழுத்தில் தப்பு இருந்தும் விற்றால் விற்றவரும் பதில் சொல்ல வேண்டும் என்று 27ஆவது பிரிவு நேராகவே சொல்கிறது.

ஆனால் அதே சட்டம் உங்களுக்கு ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிக்கு உணவுப் பொருளை விற்கும்போது, சரக்கு சரியானது என்று எழுத்தில் உத்தரவாதம் தர வேண்டும். தனியாகப் படிவம் தராவிட்டாலும் பில்லையே உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 26ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவு சொல்கிறது. 2022 ஜனவரியிலிருந்து அந்த பில்லில் விற்றவரின் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணும் இருக்க வேண்டும். முறையான பில் கையில் இருந்திருந்தால், 'இன்னாரிடம் இந்தத் தேதியில் வாங்கினேன், அப்படியே வைத்து விற்றேன்' என்று நீட்டியிருப்பீர்கள். விசாரணை அங்கே போயிருக்கும்.

ஒரு விசாரணை என் மனதில் நிற்கிறது. திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெட்டிக்கடைக்காரர் வந்திருந்தார். வேறு ஏதோ பாக்கெட் சரக்கு, லேபிள் குறைதான். மஞ்சப்பையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நீளமான கணக்கு நோட்டு ஒன்றை எடுத்தார். வாங்கிய ஒவ்வொரு சரக்கின் பில்லையும் தேதிவாரியாகப் பசை போட்டு ஒட்டியிருந்தார். எண்ணெய்க் கை பட்டுச் சில பில்கள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தன, ஆனாலும் படிக்க முடிந்தது. அதிகாரி நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு கேள்வியெல்லாம் சரக்கை அனுப்பிய கம்பெனியிடம்தான். அன்றைக்கு அந்த நோட்டு செய்ததை ஒரு வக்கீல் செய்திருக்க முடியாது.

உங்களிடம் இருப்பது துண்டுச்சீட்டு. சரி, அதைத் தூக்கிப் போடாதீர்கள். பணத்தை போனில் அனுப்பினீர்களா? அந்தப் பதிவில் பணத்தை வாங்கியவர் பெயரும் நேரமும் இருக்கும். பெட்டி லாரி ஆபீஸ் வழியாக வந்ததா? பார்சல் ரசீது இருக்கும். 'டின் மீன் ரெண்டு பெட்டி அனுப்புங்க' என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தால் அந்த உரையாடலை அழிக்காதீர்கள். அட்டைப்பெட்டி இன்னும் இருக்கிறதா பாருங்கள், அதன் பக்கவாட்டில் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) அச்சாகியிருக்கும், டின்னில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். இத்தனையும் சேர்ந்தால் துண்டுச்சீட்டுக்கும் உயிர் வந்துவிடும். இவற்றின் நகலோடு, யாரிடம் வாங்கினீர்கள் என்று பெயர், முகவரி குறிப்பிட்டு உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். 'அவரோடு பத்து வருடப் பழக்கம், காட்டிக் கொடுக்க மனசு வரலை' என்று சிலர் தயங்குவார்கள். நீங்கள் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. பில் தராமல் சரக்கு தள்ளியவர் உங்கள் தலையில் ஒரு சுமையை ஏற்றிவிட்டார், அதை இறக்கி வைக்கிறீர்கள், அவ்வளவுதான்.

மூன்று குறைகளையும் ஒன்றொன்றாகப் பார்க்கலாம். அவை ஒரே எடை கொண்டவை இல்லை.

மீனின் பெயரில் ஆரம்பிக்கிறேன். மேக்கரல் என்றதும் நம் ஆட்கள் நினைப்பது கானாங்கெளுத்தியை, சில ஊர்களில் அயிலை என்பார்கள். முகாம்காரர்களின் ஊரில் அது கும்பளா. ஜாக் மேக்கரலுக்குப் பெயரில் மேக்கரல் ஒட்டிக்கொண்டிருக்கிறதே தவிர, அது கானாங்கெளுத்தி குடும்பமே இல்லை. நம் பாரை மீனின் சொந்தக்காரன். பாரையைக் கையில் பிடித்தவர்களுக்குத் தெரியும், வால் பக்கம் விலாவில் ரம்பம் மாதிரி ஒரு கெட்டிச் செதில் வரிசை ஓடும், அசந்தால் கையைக் கிழிக்கும். ஜாக் மேக்கரலிலும் அது உண்டு. ஆலையில் சீவி எடுத்துவிட்டுத்தான் அடைப்பார்கள், ஆனாலும் ஒன்றிரண்டு தங்கிவிடும். நீங்கள் சொன்ன அந்தப் பாட்டி இதே சரக்கில் ஏற்கெனவே ஒரு டின்னைத் திறந்து சாப்பிட்டிருப்பார் என்றே எனக்குப் படுகிறது. பல்லில் அந்தச் செதில் நெருடியிருக்கும். ஆய்வகத்தில் இதைக் கண்டுபிடிப்பது அத்தனை சுலபமில்லை. 115 டிகிரிக்கு மேல் வெந்த மீனில் டிஎன்ஏ துண்டு துண்டாக உடைந்து கிடக்கும், சின்னத் துண்டுகளை வைத்துத்தான் இனம் பார்க்க வேண்டும். கடலோரத்தில் வளர்ந்த நாக்கு அதை ஒரு வாயில் சொல்லிவிட்டது.

ஜாக் மேக்கரல் கெட்ட மீன் இல்லை. அதை விற்கவும் தடை இல்லை. பெரிய எழுத்தில் ஒரு பெயர், பொடி எழுத்தில் இன்னொரு பெயர் என்பதுதான் குற்றம். உலக அளவிலேயே இந்தச் சண்டை நடந்திருக்கிறது. டின்னில் அடைத்த மத்தியை 'சார்டின்' என்ற பெயரில் விற்க வேண்டுமானால் அது ஐரோப்பியக் கடல்களில் கிடைக்கும் ஓர் இனமாக மட்டுமே இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய நாடுகள் 1989இல் விதி போட்டிருந்தன. பெரு நாட்டுக்காரர்கள் தங்கள் கடலில் பிடித்த மத்தியோடு உலக வர்த்தக அமைப்புக்குப் போனார்கள். சர்வதேச உணவுத் தர நூலான கோடெக்ஸ், மற்ற மத்தி இனங்களையும் சார்டின் என்று சொல்லலாம், ஆனால் நாட்டின் பெயரையோ இனத்தின் பெயரையோ முன்னால் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறது. 2002இல் பெருவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஒன்றுவிட்ட உறவை விற்றுக்கொள்ளுங்கள், ஆனால் எந்த உறவு என்று எழுதிவிட்டு விற்றுக்கொள்ளுங்கள் என்கிற அந்த நியாயம்தான் உங்கள் டின்னுக்கும் பொருந்துகிறது. 'ஜாக் மேக்கரல்' என்று முன்பக்கத்திலேயே முழுதாக எழுதியிருந்தால் முதல் குறை எழுந்திருக்காது.

அடுத்தது வடித்த எடை. இது ஏதோ காகிதக் குறை என்று நினைக்காதீர்கள். உங்கள் கடிதம் வந்த பிறகு இதே அளவில் வேறு ஒரு டின்னை வாங்கி வந்து வீட்டிலேயே செய்து பார்த்தேன். சல்லடையைச் சற்றுச் சாய்த்து வைத்து, டின்னைக் கவிழ்த்து, கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் விட்டேன். கீழே கிண்ணத்தில் கலங்கிய உப்புநீர் பாதிக்கு நிறைந்தது. சல்லடையில் நின்ற மீனைத் தராசில் வைத்தால் 260 கிராம்தான் காட்டியது. டின்னில் போட்டிருப்பது 425. ஒரு டின் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், லேபிளைப் பார்த்து வாங்குகிறவர் கிலோ 700 ரூபாய்க்குக் கொஞ்சம் கூட என்று கணக்குப் போடுவார். உண்மையில் அவர் மீனுக்குக் கொடுக்கும் விலை கிலோ 1,150. நான் திறந்த டின்னில் வடித்த எடை தனியாக அச்சிட்டிருந்தது, அதனால் அது ஏமாற்று இல்லை. உங்கள் டின்னில் அந்த வரியே இல்லை. தண்ணீர், உப்புநீர் போன்றவற்றில் அடைத்த எந்த உணவுக்கும் நிகர எடையோடு வடித்த எடையும் போட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு லேபிள் ஒழுங்குமுறை விதி கேட்பது இதற்காகத்தான். முகாமிலிருந்து வருகிறவர் அன்றாடக் கூலியில் ஒரு டின்னை எடுத்து வைக்கிறார், மூன்று பிள்ளைகளுக்கு ஒரு வேளைக் குழம்பு. அவர் தண்ணீருக்கா காசு கொடுத்தார்? எடை, விலை சம்பந்தமான குறைகளைத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவும் தனியாகக் கேட்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதைத்தான் நான் மிகவும் கவலையோடு பார்க்கிறேன். இறக்குமதிச் சரக்கில் ஸ்டிக்கர் ஒட்டுவதே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இறக்குமதியாளர் பெயர், முகவரி, எஃப்எஸ்எஸ்ஏஐ முத்திரையும் எண்ணும், அசைவக் குறி போன்ற சிலவற்றைத் துறைமுகக் கிடங்கில் வைத்து ஒரே ஸ்டிக்கராக ஒட்ட அனுமதி உண்டு. உற்பத்தித் தேதி, காலாவதித் தேதியைத் தொட அனுமதி இல்லை, மறைக்கவும் கூடாது. சுங்கத்தில் சரக்கை விடுவிக்கும்போதே ஆயுளில் 60 சதவீதமாவது, அல்லது காலாவதிக்கு 3 மாதமாவது, இரண்டில் எது குறைவோ அது மீதி இருக்க வேண்டும். காலம் முடியப்போகும் சரக்கைக் குறைந்த விலைக்கு வாங்கித் தேதியை மூடித் தள்ளுகிறவர்கள் உண்டு என்பதால் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது.

இன்றைக்கே டின்னைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். தகரத்திலேயே மையில் தேதியும் தொகுதி எண்ணும் பொறித்திருப்பார்கள். ஸ்டிக்கரில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா? ஒத்துப்போனால் பிரச்சினை லேபிளோடு நின்றது. ஒத்துப்போகவில்லை என்றால் அதே நாளில் நியமன அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள், தள்ளிப் போடாதீர்கள். ஸ்டிக்கரை உரித்துப் பார்க்க வேண்டாம், வெந்நீர் ஊற்றிக் கிளப்பவும் வேண்டாம். உரித்தது யார் என்ற கேள்வி அப்புறம் உங்கள் மேல் திரும்பும். எப்படி இருக்கிறதோ அப்படியே நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். இன்னொன்று, எந்த டின்னாவது மேலோ கீழோ உப்பியிருந்தால் அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். யாரும் திறந்து மோந்து பார்க்க வேண்டாம்.

31 டின்னையும் ஒரு பெட்டியில் போட்டு 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதி உள்ளே வையுங்கள். மொத்த வியாபாரி விஷயம் கேள்விப்பட்டு, 'சரக்கைத் திருப்பி அனுப்புங்க, பணம் தந்துடுறேன்' என்று போன் செய்யலாம். ஆசையாகத்தான் இருக்கும். அலுவலருக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் வாங்காமல் ஒரு டின் கூடப் போகக் கூடாது. போனால் உங்கள் சாட்சியமும் அதோடு போகிறது. குறையைச் சரிசெய்யவோ சரக்கை அழிக்கவோ உத்தரவிடும் அதிகாரம் விசாரணை அதிகாரிக்கு உண்டு. அதுவரை காத்திருங்கள்.

அறிக்கையை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாமா என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அறிக்கை கையில் கிடைத்த 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மனு கொடுத்தால் மாதிரியின் இன்னொரு பகுதி மேல்நிலை ஆய்வகத்துக்குப் போகும். மாதிரியை நான்கு பகுதியாக எடுப்பதே இதற்காகத்தான். ஆனால் உங்கள் விஷயத்தில் நான் வேண்டாம் என்பேன். லேபிளில் இல்லாத வரி இன்னொரு ஆய்வகத்துக்குப் போனால் முளைக்கப் போவதில்லை. அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடியுங்கள்.

கணவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. சின்னக் கடைக்காரர்களுக்கு, சிறைத்தண்டனை இல்லாத குற்றங்களில், சமரசத் தொகை கட்டி முடித்துக்கொள்ள 69ஆவது பிரிவில் வழி உண்டு. அதை நியமன அலுவலரிடம் கேளுங்கள். ஆனால் யாரிடம் வாங்கினோம் என்று எழுத்தில் பதிவு செய்யாமல் வெறுமனே கட்டிவிட்டு வராதீர்கள். அடுத்த மாதம் அதே வியாபாரி அதே டின்னை இன்னொரு கடைக்குத் தள்ளுவார். இன்னொரு முறை உங்கள் கடையில் ஏதாவது நடந்தால் 'முன்பும் நடந்ததா' என்ற கேள்விக்கு உங்கள் பெயர் மட்டும் இருக்கும். விசாரணை நோட்டீஸ் வந்தால் கலெக்டர் ஆபீசுக்கு நேரில் போங்கள். போகாமல் இருப்பதுதான் பலர் செய்யும் தவறு. அபராதம் விதித்துக் கட்டாமல் விட்டால் நிலவரிப் பாக்கி போல வசூலிப்பார்கள், கட்டும் வரை உரிமத்தையும் நிறுத்தி வைப்பார்கள்.

இனிமேல் டின் மீன் வாங்கும்போது பெட்டியை வாங்கி வைப்பதற்கு முன் ஒரே ஒரு டின்னை வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். மீனின் முழுப்பெயர், வடித்த எடை, தேதி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண், அசைவக் குறியான, சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். இலங்கையிலிருந்து வரும் டின்னில் எஸ்எல்எஸ் 591 என்று அவர்கள் ஊர்த் தர முத்திரை இருக்கலாம். அது நல்லதுதான், ஆனால் இங்கே விற்க நம் லேபிளும் வேண்டும். இதய நோய் வராது, சர்க்கரை இறங்கும் என்றெல்லாம் டின்னில் எழுதியிருந்தால் அந்தச் சரக்கே வேண்டாம். வேகவைத்து அடைத்த மீனை 'புத்தம்புதியது' என்று எழுதுவதற்கும் விதியில் இடமில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. லேபிளில் சந்தேகம் இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் படத்தோடு புகார் அனுப்பலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாங்கிய பொருளை நீங்களே ஆய்வுக்குக் கொடுக்கவும் 40ஆவது பிரிவில் உரிமை உண்டு. மதுரையிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. ஒரு நிபந்தனை, ஆய்வுக்குக் கொடுக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். குறை உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

கடைசியாக அந்தப் பாட்டி. பிறகு வருகிறேன் என்று சொன்ன 'தெரிந்தா தெரியாமலா' என்பது இங்கேதான் வருகிறது. அவர் சொன்ன பிறகு எத்தனை டின் விற்றீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நான் இங்கே கேட்கவும் இல்லை. ஆனால் விசாரணையில் 'யாராவது புகார் சொன்னார்களா' என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு வயதானவர் சொன்னார், எனக்கு அது புரியவில்லை, அறிக்கை வந்த அன்றே விற்பதை நிறுத்திவிட்டேன் என்று உள்ளதை உள்ளபடி சொன்னால் அது உங்களுக்குக் கெடுதல் செய்யாது. மறைத்து, அது வேறு வழியில் வெளியே வந்தால் மற்ற எல்லாவற்றையும் நம்பாமல் போய்விடுவார்கள். விற்ற 13 டின்னில் யார் யார் வாங்கினார்கள் என்று ஞாபகம் இருந்தால் கூப்பிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டியையும் ஒருநாள் போய்ப் பாருங்கள். அடுத்த முறை புதுச் சரக்கு எடுக்கும்போது ஒரு டின்னைத் திறந்து அவரிடம் கொடுத்து, இது என்ன மீன் என்று கேட்டுவிட்டு மீதிப் பெட்டியை வாங்குங்கள்.